டர்போ காரில் டவுன்பைப் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்போ பெட்ரோல் கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விஷயங்கள்தான் இங்கே இருக்கின்றன. அளவு, போல்ட், கிளாம்ப் என்று குறிப்பாகப் பேச வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு காரை எடுத்துக்கொள்கிறோம்: 2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. 2.0 லிட்டர் டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல், இஏ888 மூன்றாம் தலைமுறை இன்ஜின், 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர், முன்சக்கர டிரைவ். வேறு காராக இருந்தால் அதன் ஒர்க்‌ஷாப் மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டவுன்பைப் என்பது எந்தக் குழாய்?

டர்போவில் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனின் வாயில் தொடங்கி, காருக்கு அடியில் ஓடும் நடுக்குழாயோடு சேரும் வரை உள்ள துண்டு. டர்போ மேலே இருக்கிறது, சைலன்சர் லைன் கீழே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே இறங்கி வருவதால் அந்தப் பெயர்.

கம்பெனிக் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது பட்டறை வழக்கில் ‘கேட்’, டர்போவை ஒட்டியே இருக்கும். 250, 300 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான் கேட் வேலை செய்யத் தொடங்கும் என்பதால், சீக்கிரம் சூடேறட்டும் என்று அங்கே வைக்கிறார்கள். அதற்குக் கீழே இன்ஜின் ஆட்டத்தைத் தாங்கும் ஃப்ளெக்ஸ் துண்டு. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சரும் இந்தக் குழாயில்தான். இந்த இன்ஜினில் முதல் சென்சர் டர்போவின் உடம்பிலேயே இருக்கிறது. பல கார்களில் இரண்டுமே டவுன்பைப்பில் இருக்கும்.

பெரிய குழாய் போட்டால் ஏன் பவர் கூடுகிறது? ‘பேக் பிரஷர் (புகை வெளியேறும்போது எதிர்க்கும் அழுத்தம்) கொஞ்சம் வேண்டும்’ என்கிறார்களே?

டர்போ காரில் டர்பைனுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தத்தால் ஒரு நன்மையும் இல்லை. டர்பைன் சுற்றுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் விகிதத்தால். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டர்பைனுக்கு முன் 2.0 பார், பின் 1.3 பார் என்றால் விகிதம் 1.54. பின்னால் இருப்பதை 1.1 பாராகக் குறைத்தால் விகிதம் 1.82. முன்னால் இருப்பது மாறவே இல்லை, ஆனால் டர்பைனுக்குக் கிடைக்கும் வேலை நன்றாகவே கூடுகிறது. அதனால் டர்போ சற்று சீக்கிரம் எழுந்துகொள்கிறது. அதே பூஸ்டை, அதாவது இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை, குறைந்த சிரமத்தில் தருகிறது. புகை வெளியேறத் தடை குறைவதால், பிஸ்டன் புகையைத் தள்ளச் செலவழிக்கும் சக்தியும் மிச்சம்.

பேக் பிரஷர் வேண்டும் என்ற பேச்சு டர்போ இல்லாத இன்ஜின்களிலிருந்து வந்தது. அங்கேயும் அது பாதி உண்மைதான்: குழாய் மிகப் பெரிதானால் புகையின் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம் இழுவை போகும். அழுத்தம் குறைந்தது அதற்குக் காரணமில்லை.

எத்தனை குதிரைத்திறன் கூடும்?

குழாயை மட்டும் மாற்றினால், ஏமாறத் தயாராக இருங்கள். இந்தத் தலைமுறை இசியூக்கள், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிகள், டார்க்கை (சுழற்று விசையை) இலக்காக வைத்து ஓடுபவை. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிப்பது ‘இவ்வளவு டார்க் வேண்டும்’ என்ற கோரிக்கை மட்டுமே. எவ்வளவு பூஸ்ட் கொடுத்தால் அது வரும் என்பதை இசியூ முடிவு செய்கிறது. குழாய் திறந்துவிட்டதால் டர்போ எளிதாகச் சுற்றினாலும், புகையில் ஒரு பங்கை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைக் கூடுதலாகத் திறந்து பழைய 350 நியூட்டன் மீட்டரிலேயே கொண்டு வந்து நிறுத்திவிடும். பிக்அப் கொஞ்சம் சுறுசுறுப்பாகும், டர்போ சத்தம் கேட்கும், மேல் ஆர்பிஎம்மில் சிறிது கூடும். அவ்வளவுதான்.

இசியூவின் மென்பொருளை மாற்றி எழுதும் ரீமேப்போடு சேர்த்தால்தான் கணக்கு மாறும். ‘ஸ்டேஜ் 1’ என்பது ரீமேப் மட்டும். ‘ஸ்டேஜ் 2’ என்பது டவுன்பைப்பும் அதற்கேற்ற மேப்பும். இது ட்யூனர்களின் வழக்குச் சொல்லே தவிர, தரக்கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஆர்எஸ் 230-இல் உள்ள சிறிய ஐஎஸ்20 டர்போவில் பெரிய லாபம் ஸ்டேஜ் 1-லேயே வந்துவிடுகிறது. ஸ்டேஜ் 2 அதன் மேல் தருவது அதைவிடக் குறைவு. டர்போவே சிறியது, 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் அதற்கு மூச்சு வாங்குகிறது. கைப்பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் ரீமேப், பிறகு குழாய்.

3 அங்குலமா, 2.5 அங்குலமா?

3 அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு 2.5 அங்குலத்தைவிட 44 சதவீதம் அதிகம். 2.0 லிட்டர் இன்ஜினுக்கு 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர், சரியான அளவு. ஆனால் அது நடுக்குழாயில் போய் 2.5 அங்குலமாகச் சுருங்கினால் சுருக்கம் மெதுவாக, கூம்பாக இருக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி திடீரென்று குறுகக் கூடாது. 1.0, 1.2 லிட்டர் டிஎஸ்ஐ கார்களுக்கு 2.25 அல்லது 2.5 அங்குலமே தாராளம். அந்தக் காருக்கு 3 அங்குலம் போடுவது தெருக்குழாய்க்கு அணைக்கட்டு மதகு வைப்பது போல.

கேட் இல்லாத நேர்க்குழாய் போடலாமா?

சாலையில் ஓடும் காருக்கு வேண்டாம். இது நழுவல் பதில் இல்லை, காரணங்களைப் பாருங்கள்.

கம்பெனி கேட்டில் ஒரு சதுர அங்குலத்துக்குப் பொதுவாக 400 முதல் 600 துளைகள். ஸ்போர்ட்ஸ் கேட்டில் 200 அல்லது 300. பீங்கானுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு என்பதால் துளைச் சுவரும் மெலிது, புகை எளிதாகப் போகும். நல்ல 200 துளை கேட்டுக்கும் வெறும் குழாய்க்கும் உள்ள பவர் வித்தியாசம், 300 குதிரைத்திறன் எல்லைக்குள் ஓடும் காரில் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

மற்ற எல்லாம் தெரியும். சிக்னலில் நிற்கும்போது பச்சை பெட்ரோல் வாடை கேபினுக்குள் வரும். பின்னால் நிற்கும் பைக்காரர் கண்ணைத் தேய்ப்பார். புகைச் சோதனையில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிப்படியும் அதற்குப் பிறகும் வந்த பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம். கேட் இல்லாத இன்ஜினில் 0.5 சதவீதத்துக்கு மேல் சர்வசாதாரணமாக வரும். நிறமும் வாடையும் இல்லாத அந்த வாயு அடித்தள பார்க்கிங்கில் உயிரையே வாங்கக்கூடியது.

மலிவாக விற்கும் ‘100 துளை கேட்’ என்பதிலும் கவனம் வேண்டும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு பெயரளவுக்குத்தான் இருக்கும். பார்க்க கேட், வேலையில் வெறும் குழாய்.

இந்தியாவில் சட்டப்படி இதற்கு இடம் இருக்கிறதா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோத மாற்றத்துக்கு உரிமையாளர் மேல் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ போகலாம். சத்தம், புகை விதிமீறலுக்கு 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை. கேட் உள்ள டவுன்பைப் கூட ‘மாற்றம்’ என்ற சொல்லுக்குள் வந்துவிடும். கேட்டை எடுத்துவிட்டால் வாதாட இடமே இல்லை.

வாரண்டி இருக்கும் காரில் இன்ஜின், டர்போ சார்ந்த கிளெய்முக்கு இது ஒன்றே போதும் மறுக்க. இன்சூரன்ஸிடம் சொல்லாமல் செய்த மாற்றமும் அப்படியே. இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் கரி போன்ற டிராக்குகளுக்கு மட்டும் என்று தனியாக வைத்திருக்கும் காரின் கதை வேறு. அங்கே போட்டி விதிப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான்.

ரீமேப் செய்யாமல் சில மாதம் ஓட்டலாமா?

ஆர்எஸ் 230 போன்ற காரில் ஸ்போர்ட்ஸ் கேட்டோடு ஓட்டலாம், இன்ஜின் கெடாது. கவனிக்க வேண்டியது பூஸ்ட் கிரீப். குழாய் திறந்துவிட்டதால் டர்பைன் வழியே போக விரும்பும் புகை கூடுகிறது. வேஸ்ட்கேட் ஓட்டை சிறியதாக இருக்கும் டர்போக்களில் அது முழுக்கத் திறந்திருந்தும் பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில், இசியூ கேட்ட பூஸ்ட்டையும் உண்மையில் வந்த பூஸ்ட்டையும் பக்கத்தில் வைத்து, மூன்றாவது கியரில் 2,000-லிருந்து 6,000 ஆர்பிஎம் வரை ஒரே மிதியில் பதிவு எடுங்கள். திறந்த சாலையில், பக்கத்தில் ஒருவர் லேப்டாப் பார்க்க. வந்தது கேட்டதைத் தாண்டி மேல் ஆர்பிஎம்மில் ஏறிக்கொண்டே போனால் அதுதான் கிரீப். பி0234 என்ற பிழைக் குறியீடும் வரும்.

செக் இன்ஜின் லைட் வந்துவிட்டது. ஏன்?

ஸ்கேன் செய்யாமல் பேசக் கூடாது. அடிக்கடி வரும் பிழைக் குறியீடுகள் இவை.

பி0420: கேட்டின் திறன் போதவில்லை. கேட் நன்றாக இருந்தால் இரண்டாவது சென்சரின் வரைபடக் கோடு ஏறக்குறைய நேராக நிற்கும். துளை குறைந்த கேட்டில் அது குதிக்கும். இசியூ அந்தக் குதிப்பை எண்ணுகிறது. தரமான 300 துளை கேட்டில் பல கார்களில் வராது. 200-இல் வரலாம், அதுவும் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதுதான் பெரும்பாலும், ஏனென்றால் சோதனையை இசியூ அப்போதுதான் ஓட்டும்.

பி2096: கேட்டுக்குப் பின் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிவாகத் தெரிகிறது. டவுன்பைப் மாற்றிய வாரத்திலேயே வந்தால் முதல் சந்தேகம் டர்போ இணைப்பில் கசிவு. புகைத் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, சென்சர் அதை ‘பெட்ரோல் குறைவு’ என்று படிக்கிறது. முதல் சென்சரும் டவுன்பைப்பில் இருக்கும் கார் என்றால் இன்னும் மோசம். இசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும், கேட் வெந்துபோகும்.

பி0141: இரண்டாவது சென்சரின் ஹீட்டர் சர்க்யூட். கனெக்டரைச் சரியாக மாட்டாதது, அல்லது வயர் குழாயைத் தொட்டு உருகியது.

சென்சருக்கு அடியில் வைக்கும் ‘ஸ்பேசர்’ சென்சரை ஏமாற்றும் வித்தை. கேட் செத்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும். அது உடைந்து துண்டுகள் சைலன்சரை அடைக்கும் அன்றுதான் தெரியும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

உலோகம்: 304 ஸ்டெயின்லெஸ், 1.5 மில்லிமீட்டர் கனம். 409 தரமும் தாங்கும், ஆனால் மேலே துரு படியும். காந்தம் கொண்டுபோங்கள். 409-இல் ‘டக்’கென்று ஒட்டும், 304-இல் நேர்க்குழாயில் ஒட்டாது. வளைவில் லேசாக ஒட்டினால் கவலை வேண்டாம், வளைத்த இடத்தில் 304-உம் சற்றுக் காந்தத்துக்கு இழுபடும்.

ஃப்ளெக்ஸ்: 304 குழாய் சூட்டில் நன்றாக நீளும். 70 சென்டிமீட்டர் குழாய் 600 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். ஃப்ளெக்ஸ் இல்லாத ‘ரேஸ்’ குழாய் அந்த 7 மில்லிமீட்டரை டர்போ வாயிலும் பிராக்கெட்டிலும்தான் காட்டும். வெல்டிங் ஓரமாக விரிசல் விடும்.

வெல்டிங்: வெளியே மீன் செதில் போல அழகாக இருப்பதைவிட உள்ளே பார்ப்பது முக்கியம். டார்ச்சை உள்ளே அடியுங்கள். சர்க்கரைப் பொடி ஒட்டியது போல் கறுத்துச் சொரசொரப்பாக இருந்தால் உள்ளே ஆர்கான் விடாமல் வெல்ட் செய்திருக்கிறார்கள். முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

ஃபிளேஞ்ச், அதாவது குழாய் முனையின் இணைப்புத் தகடு: கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கோணியிருக்கிறது, இடையில் வைக்கும் எந்த கேஸ்கெட்டும் (கசிவு தடுக்கும் வளையம்) காப்பாற்றாது.

சென்சர் திரெட்: எம்18×1.5. அது குழாயின் மேல் பாதியில், கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே இருக்க வேண்டும். கீழ்ப் பக்கம் இருந்தால் குளிர்ந்த குழாயில் தேங்கும் தண்ணீர் சென்சரின் பீங்கான் முனையில் ஏறி, சூடானதும் வெடிக்கும்.

இன்னொன்று: இதே இன்ஜினோடு வரும் நான்கு சக்கர டிரைவ் கோல்ஃப் ஆர், ஆடி குவாட்ரோ கார்களின் டவுன்பைப் முன்சக்கர டிரைவ் ஆக்டேவியாவுக்குப் பொருந்தாது. விளம்பரத்தில் ‘இஏ888’ என்று மட்டும் போட்டிருந்தால் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மாட்டுவது எப்படி?

லிஃப்ட் இருந்தால் நான்கு மணி நேர வேலை. ஜாக்கி ஸ்டாண்டில் என்றால் ஒரு முழு நாள். வெறும் ஜாக்கியில் காரைத் தூக்கி அடியில் படுக்காதீர்கள்.

முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் எல்லா நட்டிலும் அடித்து ஊறவிடுங்கள். வேலை தொடங்கும்போது இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஒரு விதிவிலக்கோடு: சென்சர் மட்டும் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் சுலபமாகக் கழலும். 22 மில்லிமீட்டர், பக்கவாட்டில் வெட்டு உள்ள சாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். சாதா ஸ்பானரில் முனை மழுங்கினால் வேலை இரட்டிப்பாகும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அடித்தட்டை எடுத்துவிட்டு, இரண்டாவது சென்சரின் கனெக்டரைப் பிரித்து, வயர் போகும் கிளிப்புகளை ஃபோனில் படம் எடுத்துவையுங்கள். நடுக்குழாய் கிளாம்பைத் தளர்த்துங்கள். வலது டிரைவ்ஷாஃப்ட்டுக்கு மேல் உள்ள வெப்பத் தகட்டைக் கழற்றுங்கள். இடம் பற்றவில்லை என்றால் இன்ஜினின் கீழ் மவுண்டைக் கழற்றி இன்ஜினைச் சற்று முன்னால் சாய்க்க வேண்டிவரும். அந்த மவுண்டின் போல்ட்டுகள் டார்க் கொடுத்த பிறகு 90 டிகிரி திருப்பும் வகை, ஒருமுறைதான் பயன்படும். புதியவற்றை முன்பே வாங்கிவையுங்கள். பிறகு இன்ஜின் பிளாக்கில் உள்ள பிராக்கெட்.

கடைசியாக டர்போ வாயில் குழாயை வளையமாகச் சுற்றிப் பிடித்திருக்கும் வி-பேண்ட் கிளாம்ப். நட்டை முழுக்கக் கழற்றாதீர்கள், கடைசி இரண்டு மூன்று திரெட்டில் நிறுத்துங்கள். வருடக்கணக்கில் வெந்த வளையம் நட்டு தளர்ந்தும் விடாது. நட்டுக்கு எதிர்ப்புறம் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் ‘பட்’டென்று விரியும். நட்டு இன்னும் பிடித்திருப்பதால் குழாய் முகத்தில் விழாது.

மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். டர்போ முகத்தில் பழைய கரியை நைலான் பிரஷ்ஷால் எடுங்கள். உளி வேண்டாம். புதிய குழாயை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கைரேகை சூட்டில் வெந்து நிரந்தரமாகப் பதியும். எல்லா இணைப்பையும் விரலால் மட்டும் இறுக்கி, குழாய் எதிலும் இடிக்காமல் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு வரிசை முக்கியம்: முதலில் டர்போ கிளாம்ப், அடுத்து பிராக்கெட், நடுக்குழாய் கிளாம்ப் கடைசி. தலைகீழாகச் செய்தால் குழாய் வளைந்தபடியே டர்போ வாயில் உட்காரும். கசிவுகளில் பாதி இப்படித்தான் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் டார்க் அளவு மேனுவலில் உள்ளபடி, டார்க் ரெஞ்சில்.

சென்சர் திரெட்டில், அது இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை மெல்லிசாகத் தடவலாம். முனையில் ஒரு துளி பட்டாலும் சென்சர் வீண்.

ஸ்டட் உடைந்துவிட்டால்?

வி-பேண்ட் இல்லாமல் ஸ்டட் என்னும் தலையில்லாத போல்ட்டும் நட்டுமாக வரும் கார்களில் இது நடக்கும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்ட் செய்து, சிவந்து ஆறும்போது திருப்பினால் வரும். முகத்தோடு முறிந்தால் டர்போவைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோவதே மேல். காரிலேயே வைத்துக் கைத்துளைப்பானில் கோணலாகத் துளைத்துவிட்டால் டர்பைன் ஹவுசிங்கே போய்விடும்.

முதல் ஸ்டார்ட்டில் புகை வருகிறதே?

தயாரிப்பு எண்ணெய் எரிகிறது. 15, 20 நிமிடத்தில் நிற்கும். அதற்கு மேலும் தொடர்ந்தால் ஏதோ ரப்பரோ வயரோ குழாயைத் தொடுகிறது, உடனே அணைத்துப் பாருங்கள்.

கசிவு பார்க்க: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த துணியால் டெயில்பைப்பைச் சில விநாடி பொத்தட்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடம் நுரைக்கும். சில நாள் ஓடிய பிறகு என்றால் சோப்பே வேண்டாம், இணைப்பு ஓரமாகக் கறுப்புக் கரிக்கோடு தானாகவே காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த இன்ஜினில் ‘டிக் டிக்’ கேட்டுச் சூடானதும் நின்றால் அதுவும் கசிவுதான், உலோகம் விரிந்து தற்காலிகமாக மூடிக்கொள்கிறது. 100 கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ‘கடகட’ என்கிறது?

டார்க் வரும்போது இன்ஜின் பின்னால் சாய்ந்து குழாய் சப்ஃபிரேமிலோ வெப்பத் தகட்டிலோ இடிக்கிறது. சுற்றிலும் 15 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். நடுக்குழாய் கிளாம்பைத் தளர்த்தி, குழாயைத் திருப்பி நிறுத்தி மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். கீழ் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹீட் ராப் (வெப்பம் தாங்கும் துணிப்பட்டை) சுற்றலாமா?

கம்பெனிக் குழாயில் கேட்டைச் சுற்றித் தகட்டு உறை இருக்கும், வெளிக்கடைக் குழாயில் பெரும்பாலும் இருக்காது. அந்தச் சூடு முழுக்க வலது டிரைவ்ஷாஃப்ட்டின் உட்பக்க ரப்பர் பூட்டில் இறங்கும். பூட் வெடித்து கிரீஸ் சக்கரப் பக்கம் சிதறிய பிறகே பலருக்குத் தெரிகிறது. அதனால் கழற்றிய வெப்பத் தகட்டை ‘இடம் பற்றவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். ராப் சுற்றுவதானால் 304 குழாயில் சுற்றலாம். சாதா இரும்பில் சுற்றினால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து இரண்டு மழைக்காலத்தில் அரித்துவிடும். ஃப்ளெக்ஸ் மேல் சுற்றக் கூடாது.

டீசல் காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

குழாய்க் கணக்கு பொருந்தும். ஆனால் அங்கே நடுவில் டிபிஎஃப், அதாவது கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, இருக்கிறது. அதை எடுப்பது கேட்டை எடுப்பதைவிட மோசமான புகை, சட்டத்திலும் அதே நிலை.

பழைய குழாயை என்ன செய்வது?

பட்டறையில் விட்டு வராதீர்கள். உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காகவே பழைய கேட்டை வாங்க ஆள் இருக்கிறார்கள். ‘ஸ்கிராப்தானே சார், நாங்களே போட்டுக்கிறோம்’ என்று எடுத்து வைத்துக்கொண்டால் அதை மறுபடி பார்க்க மாட்டீர்கள். கம்பெனிக் குழாய் புதிதாக வாங்கப் போனால் விலை தலை சுற்றும். இரண்டு முனையையும் துணி வைத்து மூடி, நீளமான அட்டைப்பெட்டியில், ஃப்ளெக்ஸ் மடங்காமல் படுக்கை வாக்கில் வையுங்கள். நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தால் எடை முழுக்க ஃப்ளெக்ஸில் விழும். விழுந்தாலோ பீங்கான் கேட் உள்ளே நொறுங்கும். குலுக்கிப் பார்த்துக் கலகலத்தால் அது மறுபடி மாட்ட உதவாது.